கையை விரித்த அமெரிக்கா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையின்போது இனத்தைக் கணக்கில் எடுக்கும் வழக்கம் போய்விட்டது, கூடவே பெரிய பெரிய கம்பெனிகளும், ஒதுக்கப்பட்டவர்கள் வேலைக்கு வரவும் முன்னேறவும் வைத்திருந்த பன்முகத்தன்மைத் திட்டங்களை மூட்டை கட்டி வைக்கின்றன, இது ஏன், இதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த இதழில் முழுப் பக்கங்களும் இதற்கே.

கேள்வி: அமெரிக்காவில் இட ஒதுக்கீட்டை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். நம் ஊரில் இருப்பது போன்ற ஒதுக்கீடுதான் அங்கேயும் இருந்ததா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: இல்லை தம்பி. இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். இத்தனை இடம் இன்னாருக்கு என்று எண்ணி வைப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் 1978லேயே முடிந்துபோன கதை.

தொடக்கம் 1961. அரசாங்கத்திடம் கான்ட்ராக்ட் எடுக்கும் நிறுவனங்கள் இனமோ நிறமோ பார்க்காமல் ஆள் எடுக்க வேண்டும், அதற்காக முனைந்து நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று அதிபர் கென்னடி ஓர் உத்தரவு போட்டார். அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் என்ற பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான். 1965 ஜூனில் அவருக்குப் பின் வந்த அதிபர் ஜான்சன், கறுப்பினத்தவர் பெரும்பாலும் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, வருடக்கணக்காகச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒருவனை அவிழ்த்து, ஓட்டப் பந்தயக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, இனி நீ எல்லோரோடும் போட்டி போடலாம் என்று சொல்லிவிட்டு நாம் நியாயமாக நடந்துகொண்டோம் என்று நினைக்க முடியாது என்ற பொருளில் சொன்னார். அதே வருடம் செப்டம்பர் 24 அன்று, கான்ட்ராக்ட் நிறுவனங்களுக்குக் கென்னடி வைத்த கடமையை உறுதியாக்கிய 11246 என்ற எண் கொண்ட உத்தரவில் கையெழுத்திட்டார். அடுத்து வந்த நிக்ஸன் எதிர்க்கட்சிக்காரர், ஆனால் அவர்தான் 1969இல் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரை உள்ளே விடாத கட்டுமானத் தொழிலுக்கு எண்ணிக்கை இலக்கே வைத்தார். இரண்டு கட்சி அதிபர்களும் செய்த காரியம் இது.

அப்புறம் வந்தது 1978. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென்று வைத்திருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்க, நடுவில் நின்ற லூயிஸ் பவல் எழுதியதே நடைமுறையாகிவிட்டது. எண்ணி ஒதுக்கக் கூடாது என்றார். சமூகம் பொதுவாக இழைத்த அநீதிக்கு ஈடு செய்கிறோம் என்ற காரணத்தையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் பலதரப்பட்ட மாணவர்கள் ஒன்றாக இருந்தால் எல்லோருடைய படிப்புக்கும் நல்லது, அந்த நோக்கத்துக்காக இனத்தையும் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்.

என்னைக் கேட்டால் 2023இல் இடிந்த கட்டடத்துக்கு அஸ்திவாரம் ஆட்டம் கண்டது அந்த 1978இல்தான். பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியது என்று தொடங்கியதை, கல்லூரிக்கு நன்மை தருவது என்று மாற்றி எழுதிவிட்டார்கள். கல்லூரிக்கு நன்மை என்றால், அந்த நன்மையை அளந்து காட்டு, எப்போது போதும் என்று சொல் என்று யாரும் கேட்கலாம். சேர்க்கையில் இனம் பார்ப்பதை முடித்துவைத்த 2023 ஜூன் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சரியாக இதைத்தான் கேட்டார். ஹார்வர்டாலும் வட கரோலினா பல்கலைக்கழகத்தாலும் அதற்கு அவர் ஏற்கும்படியான பதிலைத் தர முடியவில்லை, வழக்கில் தோற்றன.

இங்கே நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. சில மாதங்களுக்குள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவு எழுதப்படவே இல்லை.

கேள்வி: தகுதியை மட்டும் பார்ப்பது நல்லதுதானே ஐயா? இனிமேலாவது ஹார்வர்டில் மார்க் பார்த்து இடம் கிடைக்கும் அல்லவா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: ஹார்வர்ட் ஒருநாளும் மார்க்கை மட்டும் பார்த்து இடம் கொடுத்ததில்லை, இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் கொடுக்கவில்லை. அந்த வழக்கில் வெளியே வந்த சேர்க்கைத் தரவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது, இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நான்கு சலுகைப் பிரிவுகளில் ஒன்றில் இருந்தார்கள்: கல்லூரி விளையாட்டு அணிக்காக எடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களின் உறவினர் போன்றவர்கள் இருக்கும் டீனின் தனிப் பட்டியலில் வந்தவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிய மாணவர்களில் இந்த நான்கு வழியாக வந்தவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் 16 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சலுகை இல்லாவிட்டால் அந்த வெள்ளை மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடம் கிடைத்திருக்காது என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

இந்தச் சலுகையில் எதையும் உச்ச நீதிமன்றம் தொடவில்லை. அப்பா படித்த கல்லூரி என்பதற்காக மகனுக்கு முன்னுரிமை கொடுப்பதை யாரும் தகுதிக் குறைவு என்று சொல்வதில்லை, தாத்தா காலத்தில் அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்க முடியாமல் இருந்த குடும்பத்துப் பெண்ணுக்குக் கொஞ்சம் கை கொடுத்தால் மட்டும் தகுதி போச்சு என்று கூக்குரல் எழுகிறது. பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியும் அவரோடு பணியாற்றுபவர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில், நாட்டின் மிகப் பணக்கார 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இந்த உயர்மட்டக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரு மடங்குக்கும் மேல் என்று வந்தது. மார்க் ஒன்றுதான், வாசல்தான் வேறு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்னாள் மாணவர் பிள்ளை, நன்கொடையாளர் பிள்ளை என்ற சலுகையைத் தனியார் கல்லூரிகளிலும் தடை செய்து 2024 செப்டம்பரில் கலிபோர்னியா சட்டம் போட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஆம்ஹர்ஸ்டும் அதற்கு முன்பே தாங்களாக விட்டுவிட்டன. ஹார்வர்ட் விடவில்லை.

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ வயதில் இருக்கிறாள். இந்தத் தீர்ப்பு நம் பிள்ளைகளுக்கு நல்லதுதானே, இதில் நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்? (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஹார்வர்ட் வழக்கு ஆசிய வம்சாவளி மாணவர்களின் பெயரில்தான் நடந்தது. குணநலன் மதிப்பீட்டில் ஆசிய மாணவர்களுக்குத் தொடர்ந்து குறைவாகவே போட்டார்கள் என்ற அவர்களுடைய மனக்குறைக்கு ஆதாரம் இருந்தது. அது சரிசெய்யப்பட வேண்டிய அநியாயம்தான்.

ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் 2024இல் சேர்ந்த வகுப்பில் ஆசிய மாணவர்களின் பங்கு சுமார் 40இலிருந்து 47 சதவீதமாக ஏறியது, கறுப்பின மாணவர்கள் சுமார் 13இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஆம்ஹர்ஸ்டில் கறுப்பினத்தவர் 11இலிருந்து 3. ஆனால் யேலில் அதே வருடம் ஆசிய மாணவர்களின் பங்கு 30இலிருந்து 24க்குக் குறைந்தது, பிரின்ஸ்டனிலும் கொஞ்சம் குறைந்தது. ஆகவே உங்கள் மகளுக்கு இதனால் நிச்சய லாபம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவள் எழுதும் கட்டுரையில் தன் பின்னணி தன்னை எப்படி உருவாக்கியது என்று எழுதலாம், அதைக் கல்லூரி கணக்கில் எடுக்கலாம் என்று ராபர்ட்ஸின் தீர்ப்பே சொல்கிறது. அதை மனம்விட்டு எழுதச் சொல்லுங்கள்.

நாம் ஏன் வருத்தப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமைக்கு உரியவர் இல்லை என்று இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் சட்டம் மாறியபோதும் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் கதவு திறந்தது. உண்மையில் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில், அதாவது 11246 உத்தரவுக்கு ஒன்பது நாள் கழித்து. அதே கை, அதே பேனா என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம். தெற்கு மாநிலங்களில் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் எதிர்கொண்டு கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதுமட்டுமா, 1982இல் இந்திய வம்சாவளியினர் தாங்களாகவே விண்ணப்பம் போட்டு, அரசாங்கக் கான்ட்ராக்டுகளில் பின்தங்கிய பிரிவினருக்கான சிறுதொழில் திட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். பயன் பெற்ற காலத்தில் நாம் அந்த வரிசையில் நின்றோம். இப்போது மற்றவர்கள் அதிலிருந்து தள்ளப்படும்போது, நமக்கு இதில் என்ன என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: 2020இல் அவ்வளவு உறுதிமொழி கொடுத்த கம்பெனிகள் இவ்வளவு வேகமாக எப்படிக் கைவிட்டன? (மென்பொருள் ஊழியர்)

பதில்: கொடுத்த வேகத்திலேயே கைவிட்டன. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறிச் செத்தார், உலகமே அந்த வீடியோவைப் பார்த்தது, தெருவில் லட்சக்கணக்கான மக்கள் இறங்கினார்கள். அடுத்த வாரங்களில் கம்பெனிகள் போட்டி போட்டு அறிக்கை விட்டன. அதே மினியாபொலிஸில் தலைமையகம் வைத்திருக்கும் டார்கெட் என்ற கடைத்தொடர், கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களில் 2025 முடிவதற்குள் 200 கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாக 2021இல் சொன்னது. 2025 ஜனவரி 24 அன்று அதே டார்கெட் தன் பன்முகத்தன்மை இலக்குகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

எல்லாம் டிரம்ப் வந்ததால் என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. அவர் பதவியேற்கும் முன்பே, 2024 கோடையில் டிராக்டர் சப்ளை, ஜான் டியர், ஹார்லி டேவிட்சன், ஃபோர்டு என்று வரிசையாகப் பின்வாங்கத் தொடங்கிவிட்டன, நவம்பரில் வால்மார்ட், 2025 ஜனவரி தொடக்கத்தில் மெக்டொனால்ட்ஸ், மெட்டா. ராபி ஸ்டார்பக் என்ற வலதுசாரிப் பிரசாரகர் சமூக ஊடகத்தில் ஒவ்வொரு கம்பெனியாகக் குறிவைத்துப் பேசினார், பல கம்பெனிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2025 ஜனவரி 21 அன்று வந்த 14173 என்ற அதிபர் உத்தரவு வேறு வகை. ஜான்சனின் 11246 உத்தரவை, அறுபது வருடம் நின்றதை, ஒரே வரியில் ரத்து செய்தது. அதோடு அரசாங்கக் கான்ட்ராக்டோ மானியமோ வாங்குகிறவர்கள் தாங்கள் சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. எழுதிக் கொடுத்தது பொய் என்று வந்தால், அரசாங்கத்தை ஏமாற்றுபவர்களுக்காக உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதிய சட்டத்தின்படி மூன்று மடங்கு நஷ்டஈடு. இதில் கவனிக்க வேண்டியது, எது சட்டவிரோதமான திட்டம் என்று அந்த உத்தரவில் எங்கேயும் விளக்கம் இல்லை. கோடு எங்கே என்று தெரியாதபோது, கம்பெனி வக்கீல்கள் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார்கள். சட்டப்படி முற்றிலும் சரியாக இருந்த திட்டங்களும் சேர்ந்து மூடப்பட்டது இப்படித்தான்.

ஆனால் நிற்க விரும்பியவர்கள் நின்றார்கள். 2025 ஜனவரியில் காஸ்ட்கோ என்ற கடைத்தொடரின் பங்குதாரர் கூட்டத்தில், பன்முகத்தன்மைக் கொள்கையால் என்ன ஆபத்து என்று அறிக்கை தரச் சொல்லும் தீர்மானம் வந்தது. நிர்வாகம் அதை எதிர்த்தது, பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அதைத் தோற்கடித்தார்கள். அடுத்த மாதம் ஆப்பிளிலும் அதே மாதிரி, 97 சதவீதம். எனவே வியாபாரத்துக்கு வேறு வழியில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பல கம்பெனிகளில் இந்தத் திட்டம் என்பது வருடத்துக்கு ஒரு முறை கட்டாயப் பயிற்சி வகுப்பு, ஒரு போஸ்டர், ஒரு புதிய பதவி என்ற அளவில்தான் இருந்தது. ஃப்ராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருடத் தரவைப் பார்த்தார்கள். கட்டாயப் பயிற்சி வைத்த இடங்களில் ஐந்து வருடம் கழித்தும் மேலாளர் பதவிகளில் முன்னேற்றம் இல்லை, கறுப்பினப் பெண்கள் விஷயத்தில் நிலைமை பின்னோக்கியே போயிருந்தது. பலன் தந்தவை வேறு: வழிகாட்டி ஒருவரை அமர்த்துவது, இதுவரை எட்டிப் பார்க்காத கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பது, பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லி வைப்பது. மூடப்பட்டபோது உதவாத வகுப்புகளோடு உதவிய இந்தக் காரியங்களும் போய்விட்டன என்பதுதான் எனக்குக் கோபம்.

கேள்வி: அப்படியென்றால் இப்போது பன்முகத்தன்மைத் திட்டம் நடத்துவதே குற்றமா?

பதில்: இல்லவே இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. இனத்தைப் பார்த்து வேலை கொடுப்பதும் மறுப்பதும் அந்தச் சட்டத்தின் 7ஆம் பகுதியில் எப்போதுமே தடைதான். பரவலாக விளம்பரம் செய்வது, எல்லோருக்கும் வழிகாட்டல் தருவது, பாகுபாடு பற்றிய புகாரை விசாரிப்பது எதுவும் தடையில்லை. 2025 ஜூனில் ஓஹையோ வழக்கு ஒன்றில், பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாடு என்று வழக்குப் போட்டால் அவரிடம் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எழுதியவர் கெடாஞ்சி பிரவுன் ஜாக்சன், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. அது சரியான தீர்ப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கேள்வி: அடிமைகளாக இருந்தவர்களைப் பாதுகாக்க வந்த சட்டத்தை வைத்தே கறுப்பினப் பெண்களுக்கான நிதியை நிறுத்தினார்கள் என்று படித்தேன். உண்மையா? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: உண்மை, படித்தபோது எனக்கும் மனம் கொதித்தது. அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்று ஒரு சிறிய முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுக்கப் போட்டி வைத்தது. நாட்டில் புதிய தொழில்களில் போடப்படும் துணிகர முதலீட்டில் கறுப்பினப் பெண்களுக்குப் போவது 1 சதவீதம்கூட இல்லை. ஹார்வர்ட் வழக்கின் பின்னால் இருந்த அதே எட்வர்ட் பிளம், இன்னொரு அமைப்பின் பெயரில் வழக்குத் தொடுத்தார். அவர் கையில் எடுத்தது 1866 சிவில் உரிமைச் சட்டம், அதாவது உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், விடுதலையானவர்கள் வெள்ளையர்களைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உறுதி கொடுத்த சட்டம். போட்டியும் ஓர் ஒப்பந்தம், அதில் மற்ற இனத்தவரை விலக்குவது சட்டமீறல் என்று வாதம். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்றது, செப்டம்பரில் சமரசம் பேசி அந்த உதவித்தொகையை மூடிவிட்டார்கள். நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், இந்த வழக்கின் தீர்ப்பையும் மாறுபட்ட தீர்ப்பையும் முழுசாகப் படியுங்கள். ஒரு சட்டத்தின் சொற்களை அது பிறந்த காரணத்திலிருந்து கழற்றி எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பது அதில் தெரியும்.

கேள்வி: அடிமை முறை ஒழிந்து 160 வருடம் ஆகிறது. எத்தனை காலத்துக்குத்தான் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பது?

பதில்: பழைய கணக்கு 1865இல் முடிந்திருந்தால் உங்கள் கேள்வி நியாயம். முடியவில்லையே. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு வாங்க அரசாங்கம் 1944இல் ஒரு சட்டம் போட்டுக் கடன் உத்தரவாதம் கொடுத்தது, அமெரிக்க நடுத்தர வர்க்கம் எழுந்து நின்றதே அதில்தான். மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் அப்படிக் கொடுத்த 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனவை இரண்டு. இருநூறு இல்லை, இரண்டு. அவர்களும் அதே போரில் சண்டை போட்டவர்கள்தான். அன்றைக்கு வாங்கிய வீடு இன்றைக்குப் பேரப்பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாக நிற்கிறது, வாங்க விடாமல் தடுத்த வீடும் அதே மாதிரி இல்லாமையாக நிற்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் நடுவில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், நடுவில் இருக்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900.

சரி, சொத்து பழைய கதை என்றே வைத்துக்கொள்வோம். வேலைக்கு விண்ணப்பம் போடுவது இன்றைய விஷயம். பாஸ்டனிலும் சிகாகோவிலும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரே தரத்தில் கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, சிலவற்றில் வெள்ளையர் பெயரும் சிலவற்றில் கறுப்பினத்தவர் பெயரும் போட்டு அனுப்பினார்கள், 2004இல் முடிவு வெளியானது. வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. பின்னாளில் இன்னும் பெரிய அளவில், 80,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் மறையவில்லை. இன்னொன்றும் தெரிந்தது, பாகுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, அதில் பெரும்பங்கு கொஞ்சம் கம்பெனிகளில்தான் குவிந்திருக்கிறது.

2003இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர், 25 வருடம் கழித்து, சேர்க்கையில் இனம் பார்ப்பது தேவைப்படாது என்று எதிர்பார்க்கிறோம் என்று எழுதினார். அது ஒரு எதிர்பார்ப்பு. அந்தக் கெடுவுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே, நிலைமை மாறியதா என்று பார்க்காமலே, நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

கேள்வி: இனத்துக்குப் பதில் வருமானத்தைப் பார்த்து உதவினால் எல்லா ஏழைகளுக்கும் கிடைக்குமே. அதில் என்ன குறை?

பதில்: குறை எதுவும் இல்லை, தாராளமாகச் செய்யட்டும், மேற்கு வர்ஜீனியாவின் ஏழை வெள்ளைச் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு ஹார்வர்ட் இடம் கொடுத்தால் நான் கை தட்டுவேன். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது என்பதைச் செய்து பார்த்த மாநிலங்களே சொல்கின்றன. கலிபோர்னியாவில் 1996இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் அரசுக் கல்லூரிகளில் இனம் பார்ப்பதைத் தடை செய்தார்கள். அதன்பின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இனம் பார்க்காத வழிகளில், ஏழைப் பள்ளிகளைத் தேடிப் போவது, வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்று 50 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தும் போதவில்லை என்று உச்ச நீதிமன்றத்திடமே எழுதிக் கொடுத்தது. மிச்சிகனில் 2006இல் தடை. அங்கே முதன்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களில் கறுப்பினத்தவர் 7 சதவீதமாக இருந்தது 2021இல் 4 ஆனது, மாநிலத்தில் கல்லூரி வயதுக் கறுப்பின இளைஞர்களின் பங்கு அதே காலத்தில் கூடியிருந்தும். டெக்சாஸ் 1997இல் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று கொண்டுவந்தது நல்ல யோசனை, ஆனால் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான் அது வேலை செய்கிறது. மேற்படிப்புக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் அது பொருந்தாது.

கேள்வி: சலுகையில் வந்தவர் என்ற முத்திரை, உண்மையிலேயே திறமை உள்ளவரையும் அவமானப்படுத்துகிறதே? (பள்ளி ஆசிரியை)

பதில்: இந்த வலி உண்மையானது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் யேலில் சட்டம் படித்தவர், கறுப்பினத்தவர், தன் பட்டத்தின் மதிப்பையே அந்தச் சந்தேகம் குறைத்துவிட்டது என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். அவருடைய முடிவை ஏற்காவிட்டாலும் அந்த வேதனையை நான் சந்தேகிக்க மாட்டேன்.

ஆனால் டீச்சர், சந்தேகம் திட்டத்தால் வந்ததா என்று யோசியுங்கள். திட்டங்கள் மூடியபின் சந்தேகமும் மூடியிருக்க வேண்டும் அல்லவா? 2025 ஜனவரியில் வாஷிங்டனில் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள், விசாரணையில் எதுவும் தெரியவரும் முன்பே மறுநாள் காலையில் அதிபர் பன்முகத்தன்மைக் கொள்கையின் மேல் விரலை நீட்டினார். உள்ளே வருபவரின் தோலைப் பார்த்து எழும் சந்தேகம் அது. அதற்கு அஞ்சி அவர் வாசலிலேயே நின்றுவிட வேண்டும் என்று உங்கள் மாணவி ஒருத்தியிடம் உங்களால் சொல்ல முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் சாதிப் பாகுபாட்டுக்குச் சட்டம் வந்ததாகச் சொன்னார்களே, அது என்ன ஆயிற்று?

பதில்: 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தால், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. அது இருக்கிறது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றியதை அந்த வருடம் அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம், இருக்கிற சட்டங்களே போதும் என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்த்து மனு எழுதியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது வெட்கம்.

கேள்வி: நான் அமெரிக்க நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பன்முகத்தன்மைக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இனி என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: பெயர்ப் பலகை போனால் போகட்டும், வேலையைச் செய்யுங்கள். காலி இடம் ஒவ்வொன்றையும் வெளிப்படையாக விளம்பரப்படுத்தச் சொல்லுங்கள், தெரிந்தவர் சிபாரிசில் மட்டும் ஆள் எடுப்பதுதான் பழைய வேலியை அப்படியே வைத்திருக்கிறது. நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் தாள், பேசி முடித்தபின் மதிப்பெண் போடாமல் அங்கேயே போடுவது. ஆள் எடுப்பதை ஒவ்வொரு கிளை மேலாளர் கையிலும் விடாமல் ஒரே இடத்திலிருந்து நடத்துங்கள், முன்னே சொன்ன பெரிய விண்ணப்ப ஆய்வில் அப்படி நடத்தும் கம்பெனிகளில் பாகுபாடு குறைவாக இருந்தது. வழிகாட்டல் திட்டத்தை எல்லோருக்கும் திறந்து வையுங்கள், ஆனால் யாரும் வந்து சொல்லாததால் விண்ணப்பிக்காமல் இருப்பவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சம்பளத்தையும் பதவி உயர்வையும் வருடா வருடம் கணக்கெடுங்கள், பாகுபாடு வழக்கு வந்தால் கம்பெனிக்கே அது தேவைப்படும் என்று சொன்னால் நிர்வாகம் மறுக்காது.

முக்கியமாக ஒன்று. உங்கள் நிறுவனம் அரசாங்கக் கான்ட்ராக்ட் எடுப்பதாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்காக 1973 சட்டத்தின் 503ஆம் பிரிவு வைத்த கடமையும் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான சட்டக் கடமையும் அதிபர் உத்தரவால் ரத்தாகவில்லை. அவை நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள். அவசரத்தில் குழுவைக் கலைக்கும்போது பல இடங்களில் இந்த வேலைகளுக்கும் ஆள் இல்லாமல் போகிறது. அது யார் பொறுப்பு என்று உங்கள் சட்டப் பிரிவிடம் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.